தனகோடிக்குக் காதாக இருந்தவள்

ஷஹீன் பானுவின் வலது கால் தையல் மெஷினின் பெடலில் இருக்கும். இடது கை தோல் துண்டைத் திருப்பிக்கொண்டிருக்கும். வலது கை மட்டும் அடிக்கடி காற்றில் ஏறி எதையாவது சொல்லிவிட்டு இறங்கும். ஆம்பூரின் அந்த ஷூ கம்பெனியில் புதிதாகச் சேர்கிற பெண்கள், இந்தம்மாவுக்கு நரம்புக் கோளாறு போலிருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எதிர் மெஷினில் இருக்கிற தனகோடிக்குக் காது கேட்காது என்பதும், லைனில் யார் எது பேசினாலும் ஷஹீனின் கை வழியாகத்தான் அவளுக்குப் போய்ச் சேரும் என்பதும் பிடிபட அவர்களுக்கு இரண்டு மூன்று நாளாகும்.

அந்த வேலையை யாரும் ஷஹீனுக்குக் கொடுக்கவில்லை. மாதனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தனகோடி வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. காது கேளாதோர் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். மெஷின் ஓட்டுவதில் சூட்டிகை. ஆனால் பின்னால் நின்று இன்சார்ஜ் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு ஷஹீன் மேஜையைத் தட்டி, உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று விரலால் காட்டினாள். அன்றைக்கு ஆரம்பித்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நிற்கவில்லை.

தனகோடி பள்ளியில் படித்த சைகையைக் கற்றுக்கொடுத்தாள். அதில் இல்லாததை இருவரும் தாங்களே செய்துகொண்டார்கள். ஷூவின் நாக்குக்கு ஒரு சைகை, உள்துணிக்கு ஒன்று, நூல் அறுந்தால் ஒன்று. கம்பெனி ஆட்களுக்கெல்லாம் தனகோடி பெயர் வைத்தாள். லைன் இன்சார்ஜ் சூரியபிரகாஷ் எந்நேரமும் வாட்ச் பார்க்கிறவர்; மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினால் அவர். மேனேஜர் அப்துல் ஹமீதுக்குத் தாடி நுனியை நீவிக் காட்ட வேண்டும். பக்கத்து மெஷின் கோவிந்தம்மாளுக்கு மூக்குத்தி. ஷஹீனுக்கு அவள் வைத்த பெயர் காதைத் தொட்டுக் காட்டுவது. ஷஹீனுக்கு முதலில் அதில் பெருமைதான்.

பெருமை எத்தனை நாளைக்கு வரும்? கம்பெனிக்குள் மட்டும் என்றிருந்தது கேட்டைத் தாண்டி வெளியேயும் வந்தது. பேங்கில் கணக்கு ஆரம்பிக்க ஷஹீன். மாமியார் சண்டைக்குப் பஞ்சாயத்து என்றால் ஷஹீன். தனகோடிக்குக் குழந்தை பிறந்து, அதற்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் லீவு போட்டுவிட்டு ஷஹீன். டாக்டரம்மா, "குழந்தைக்கு நல்லா கேக்குது" என்று சொன்ன மாத்திரத்தில் ஷஹீனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. சேதி கைக்கு வருவதற்கு முன்னால் கண்ணுக்கு வந்துவிட்டது. தனகோடி அதைப் பார்த்து, எல்லாம் போச்சு என்று நினைத்து, குழந்தையை இறுக்கிக்கொண்டு அலறிவிட்டாள். அவளைப் பிடித்து உலுக்கி, முகத்தைத் திருப்பி, "கேக்குதுடி, கேக்குது" என்று சைகை காட்டுவதற்குள் ஷஹீனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்னொருத்தருடைய சேதியைச் சுமக்கிறவள் தன் அழுகையைக்கூடத் தள்ளிப் போட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு சேதிகளில் கொஞ்சம் கைவைக்க ஆரம்பித்தாள். ஷிப்மென்ட் நெருக்கடியில் சூரியபிரகாஷ், "அந்த ஊமைக்கு எத்தினி தபா சொல்றது? கண்ணும் அவிஞ்சுபோச்சா?" என்று கத்துவார். ஷஹீனின் கை, "தையல் கொஞ்சம் ஓரமா போவுதாம், பாத்துக்கோ" என்று சொல்லும். லைனே கொல்லென்று சிரிக்கும். இன்னா சிரிப்பு என்று தனகோடி புருவத்தைத் தூக்குவாள். நாள் முழுக்க வேலை செய்த கை. அந்தச் சிரிப்பை முதலிலிருந்து விளக்கி, யார் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று ஆட அதில் தெம்பு இருக்காது. "ஒண்ணும் இல்ல" என்று ஒரு விரலை ஆட்டிவிட்டு ஷஹீன் பெடலை மிதிப்பாள்.

நாற்பதைத் தாண்டியதும் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. பெடல் இல்லாத பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றிக் கேட்கலாம் என்று மேனேஜர் ஹமீதிடம் போனாள். ஹமீத் அவள் தெருக்காரர். அவள் மகள் நிக்காஹுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். "ஆடிட் முடியட்டும் ஷஹீன், பண்ணித் தர்றேன்" என்றார். அவர் சொன்னால் செய்வார். அந்த நம்பிக்கையில்தான் அவள் கால் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடிட்டுக்கு முன்னால் வந்தது டேப்.

ஹெச்.ஆரில் ரெனிட்டா என்று ஒரு பெண் இருந்தாள். வேலூர்ப் பெண். ஷூ வாங்குகிற, ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிற வெளிநாட்டுக் கம்பெனி, மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களுக்கு எல்லாத் தகவலும் நேரடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அதற்காக ரெனிட்டா ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து தனகோடியின் மெஷின் ஓரத்தில் நிறுத்தினாள்.

"இது ஏஐ. நாம பேசறத கேட்டு உடனே தமிழ்ல எழுதும். தனகோடி இதுல டைப் பண்ணா அதுவே சத்தமா பேசும். இனிமே ஷஹீன் அக்காவத் தொந்தரவு பண்ண வேணாம்" என்றாள்.

"அப்போ நான் ரிட்டையர்டா மேடம்?" என்றாள் ஷஹீன்.

"ஆமாக்கா, ஜாலியா இருங்க."

தனகோடி ஒற்றை விரலால் எதையோ தட்டினாள். டேப் தொண்டையைச் செருமாமல், டிவி செய்தி வாசிக்கிறவள் குரலில், "வணக்கம். எனக்குக் கறுப்பு நூல் தேவைப்படுகிறது" என்றது. லைன் முழுக்கச் சிரித்தது. கோவிந்தம்மாள், "அடியே, இவ நம்மள விட நல்லா பேசறாளே! கலெக்டரம்மா கணக்கா இருக்குது" என்றாள். அவள் சொன்னது அப்படியே திரையில் எழுத்தாக ஓடியது. தனகோடி படித்தாள். படித்துவிட்டு, மற்றவர்கள் சிரித்து முடிக்கும்போது அவளும் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் லைனோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தரம்.

மெஷின்கள் மொத்தமாக ஓடும்போது டேப்புக்கு ஒன்றும் புரியாது. அந்த இரைச்சலை யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து, "நன்றி. நன்றி. நன்றி" என்று எழுதித் தள்ளும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் வைத்தால் ஓரளவுக்குச் சரியாக எழுதியது. தனகோடி சோற்றை மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாளின் மருமகன் குடித்துவிட்டு ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தது, யாரோ வாணியம்பாடியில் எடுத்த புடவை ஒரே தண்ணீரில் சாயம் போனது, காண்ட்ராக்டர் பஸ்ஸில் ஏசி போடுவேன் என்று சொல்லி ஏமாற்றுவது, எல்லாம் எழுத்தாக ஓடின. படிக்கிறதுக்குள் அடுத்த வரி வந்து தள்ளிவிடும். அவளுக்குத் தமிழ் எழுத்து பள்ளியில் படித்த இரண்டாவது மொழிதான். கைதான் முதல் மொழி. இருந்தாலும் விடவில்லை. கண் சிவந்துபோகும்.

"இவ்ளோ பேசுறீங்களா?" என்று ஒருநாள் ஷஹீனிடம் கேட்டாள். "தெனமுமா?"

"தெனமும்தான்."

"நீ ஒண்ணும் இல்லம்பே."

ஷஹீன் சிரித்து மழுப்பினாள்.

அந்த டேப் வழியாகத்தான் செக்கர் வேலை காலியாக இருப்பதும் தனகோடிக்குத் தெரிந்தது. காலையில் மைக்கில் சொன்னார்கள். லைன் முடிகிற இடத்தில் உட்கார்ந்து, தைத்து வருகிற அப்பர் என்கிற ஷூவின் மேல்பாகம் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. இதற்கு முன்பும் இரண்டு மூன்று முறை மைக்கில் சொன்னதுதான். அப்போதெல்லாம் ஷஹீனின் கை, "டார்கெட் பத்தி ஏதோ சொல்றாங்க" என்றதோடு நின்றுவிட்டது. செக்கராகப் போனால் இவள் எப்படிப் பேசுவாள், அங்கேயும் நான்தானே போய் நிற்க வேண்டும் என்ற யோசனையில் விட்டது. திட்டம் போட்டு மறைத்ததில்லை. ஆனால் சொல்லவும் இல்லை.

தனகோடி நேராக ரெனிட்டாவிடம் போய்ப் பெயர் கொடுத்தாள். ஷஹீனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. டேப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஷஹீனுக்கு நிம்மதியாக இருந்தது. நெஞ்சில் எங்கோ ஒரு முள்ளும் இருந்தது. ஆனால் நிம்மதிதான் ஜாஸ்தி. சோறு சூடாகத் தின்ன முடிந்தது. பேச்சைக் காதால் கேட்டு, வாயால் பதில் சொல்லி, அதோடு விட்டுவிட முடிந்தது. அப்படி ஒருநாள் கேன்டீனில் கோவிந்தம்மாள் கேட்டாள்.

"இன்னா ஷஹீனு, மூஞ்சில களை வந்துடுச்சு? அந்தப் பொட்டி வந்ததுல உனக்குத்தான் லாபம் போல."

"ஆமாங்கா. இத்தினி வருஷம் அவளுக்குக் காதா இருந்து என் காது செத்துப்போச்சு. சோறு தின்னும்போதுகூடக் கைய ஆட்டிக்கினே இருக்கணும். ஊமையோட சேந்து நானும் பாதி ஊமையாய்ட்டேன். பெத்த பொண்ணக்கூட நான் இப்படிச் சொமக்கல. ஏதோ பீடை விட்டுச்சுன்னு இருக்குது."

தனகோடி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் இருக்கும்போது அவளைப் பற்றிப் பேசுவது அந்த லைனில் ஒருவருக்கும் தப்பாகத் தோன்றியதே இல்லை. சுவருக்கு முன்னால் பேசுகிற மாதிரி. ஷஹீனுக்கும் அதே பழக்கம்தான். டேப் சாம்பார் கிண்ணத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. மற்ற நாளில் பத்துக்கு இரண்டாவது தப்பாக எழுதுகிற சனியன் அன்றைக்குப் பார்த்து ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தது.

தனகோடி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். டேப்பை மெல்லத் திருப்பி, எழுத்து ஷஹீனுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். கடைசி வரி இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஏதோ பீடை விட்டுச்சுன்னு இருக்குது.

கோவிந்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னாடி எழுதியிருக்குது?" என்றாள்.

காது கேட்கிறவர்கள் கோபித்துக்கொண்டால் பேச மாட்டார்கள். நாம் பேசினால் காதில் விழத்தான் செய்யும். தனகோடி கோபித்துக்கொண்டால் பார்க்க மாட்டாள். பார்க்காதவளிடம் எதைச் சொல்வது? மேஜையைத் தட்டினாள் ஷஹீன். தனகோடி ஊசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. தோளைத் தொட்டாள். தோள் நகர்ந்துகொண்டது. ஒருநாள் டேப்பின் முன்னால் குனிந்து, "தப்பா எடுத்துக்காதடி, வாய் தவறிப்போச்சு" என்று அதனிடம் சொல்லிப் பார்த்தாள். அது எழுதியது. தனகோடி திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கைக்கு வேலையே இல்லாமல் போனது. ஆசைப்பட்ட ஓய்வுதான். ஆனாலும் சூரியபிரகாஷ் கத்தும்போதெல்லாம் ஷஹீனின் வலது கை தானாக மேலே போய், பார்க்க ஆளில்லை என்று தெரிந்து, முக்காட்டைச் சரிசெய்துவிட்டு இறங்கும். வீட்டுக்குப் போனால் எப்போதையும்விட ஜாஸ்தி அலுப்பாக இருந்தது. "வேல கம்மியாச்சுன்னியே?" என்று கேட்ட வீட்டுக்காரருக்குச் சோற்றைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

செக்கர் வேலைக்கு இரண்டு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். தனகோடி ஒருத்தி. மற்றவள் மூன்றாவது லைனில் இருக்கிற பூங்குழலி. ஆடிட் வாரத்தில் ஒரு மத்தியானம் தனகோடியைக் கூப்பிட்டார்கள். டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மேனேஜர் ரூமுக்குள் போவதைத் தன் இடத்திலிருந்தே ஷஹீன் பார்த்தாள். கண்ணாடி ரூம். உள்ளே ஹமீத், சூரியபிரகாஷ், ரெனிட்டா மூவரும் வாய் அசைப்பது தெரிந்தது. சத்தம் வரவில்லை. தனகோடி பார்க்கிற உலகம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தனகோடி கையைத் தூக்கி அவர்களை நிறுத்துவது தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். லைன்களுக்கு நடுவில் நேராக நடந்து வந்து ஷஹீனின் மெஷின் முன்னால் நின்றாள். நின்று, பார்த்தாள். அந்தக் கேன்டீன் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல்முறையாக அவள் கண் ஷஹீனின் மேல் இருந்தது.

"மூணு பேரும் ஒண்ணா பேசுறாங்க" என்றன அவள் கைகள். "யார் எது சொன்னாங்கன்னு அது எழுத மாட்டேங்குது. வா."

ஷஹீன் எழுந்தாள். தனகோடி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் சொல்லணும். உனக்குப் புடிக்காததையும். எனக்கு வலிக்கும்னு நீ நெனைக்கறதையும். முடியும்னா வா. முடியாதுன்னா அந்தப் பொட்டியே போதும்."

ஷஹீன் தலையசைத்தாள்.

உள்ளே போனதும் சூரியபிரகாஷ், "வந்துட்டியாம்மா, தெய்வமே! இதுகூடக் குப்ப கொட்ட முடியல" என்றார். ஷஹீன் அதைக் கையில் சொன்னாள். 'இது' என்று சொல்லும்போது அவர் தனகோடியைக் காட்டியதையும் காட்டினாள். தனகோடி அவரை ஒருமுறை பார்த்தாள். அவர் தன் வாட்சைப் பார்த்தார்.

"செக்கர்னா லைன்ல போயி கத்தணும், அடுத்தவன்கிட்ட சண்ட போடணும். இவ எப்படிப் போடுவா, கேளு" என்றார் ஹமீத். குரலில் கெடுதல் இல்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். ஆடிட் வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

தனகோடி கையால் சொன்னாள். ஷஹீன் குரல் கொடுத்தாள். "தப்பு இருந்தா ஸ்டிக்கர் ஒட்டித்தானே சார் அனுப்புறாங்க. கத்துனா தையல் நேராகிடுமா? முன்ன இருந்த செக்கர் கத்துனாரு. ரிஜெக்ட் கம்மியாச்சா?"

ரெனிட்டா குனிந்து சிரிப்பை மறைத்தாள். ஹமீத் தாடியை நீவினார். பிறகு ஷஹீனின் பக்கம் நன்றாகத் திரும்பி, உருதுவில் பேச ஆரம்பித்தார். ரெனிட்டாவுக்கும் சூரியபிரகாஷுக்கும் உருது தெரியாது. தமிழுக்கு மட்டும் பழக்கியிருந்த டேப் அதைக் கேட்டுத் திணறி, 'நன்றி' என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்தது.

வீட்டு ஆளிடம் பேசுகிற தணிந்த குரலில் சொன்னார் அவர். வேலையைப் பூங்குழலிக்குப் போன வாரமே முடிவு பண்ணியாகிவிட்டது. இது ஆடிட்டுக்காக. மாற்றுத்திறனாளியையும் கூப்பிட்டுக் கேட்டோம் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். பாவம், அவள் மனசு நோகாமல் நீயே ஏதாவது சொல்லி அனுப்பிவிடு. உனக்குத்தான் அந்தப் பக்குவம் தெரியுமே. உன் பேக்கிங் விஷயமும் என் ஞாபகத்தில் இருக்கிறது. கடைசியாக, "யே உஸ்கு நக்கோ போலோ" என்று முடித்தார். இதை அவளிடம் சொல்லாதே.

ஷஹீனுக்கு முழங்கால் விண்ணென்றது. சொல்லாமல் விடுவது எத்தனை சுலபம்! ஒரு விரலை ஆட்டினால் போதும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஆட்டிய விரல். இந்தக் கம்பெனியில் அவளுக்கு இணையாக அதில் தேர்ந்தவர் யார்? மேனேஜர் சொல்வதும் ஒருவிதத்தில் அதைத்தான். உனக்கு அந்தப் பக்குவம் தெரியும். தெரியும்தான். தெருவில் நாளைக்கு அவர் முகத்தில் முழிக்க வேண்டும். நாளைக்கும் மறுநாளும் அந்தப் பெடலை மிதிக்க வேண்டும்.

தனகோடி ஷஹீனின் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. சேதி கைக்கு வருவதற்கு முன்னால் எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஷஹீன் இரண்டு கைகளையும் தூக்கினாள். தாடியை நீவிக் காட்டினாள், அதாவது மேனேஜர் சொல்கிறார். பிறகு அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். பூங்குழலி. போன வாரம். முடிந்துவிட்டது. நீ காட்டுவதற்காக. பாவம். மனசு நோகாமல். தன்னுடைய பேக்கிங் வேலையையும் விடவில்லை. கடைசியில் வாயில் விரலை வைத்துச் சொல்லாதே என்று அவர் சொன்னதையும் சொன்னாள்.

ஹமீதுக்குச் சைகை தெரியாது. ஆனால் தன் தாடி அவள் கையில் வந்ததும், அந்தக் கை நிற்காமல் ஓடிக்கொண்டே போனதும் போதுமாக இருந்தது. "ஷஹீன்!" என்றார்.

தனகோடி டேப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினாள். நேரம் பிடித்தது. பிறகு செய்தி வாசிக்கிற அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னது. "பூங்குழலிக்குப் போன வாரமே கொடுத்துவிட்டீர்கள் என்றால் என்னை ஏன் கூப்பிட்டீர்கள்? ஆடிட்டர் கேட்டால் நான் என்ன எழுதிக் காட்ட வேண்டும்?"

ரெனிட்டாவின் முகம் மாறிவிட்டது. "சார், இது நெசமா?" என்றாள். சூரியபிரகாஷ், "நமக்கு எதுக்கு சார் இந்தப் பேஜாரு" என்று முணுமுணுத்தார். ஷஹீன் அதையும் சொன்னாள்.

ஹமீத் மேஜையில் கிடந்த ஆடிட் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு தமிழில், யாரையும் பார்க்காமல், "ரெண்டாவது ஹால் சின்ன லைன்ல செக்கரா உக்காரட்டும். ஒரு மாசம் பாக்கலாம். சரிவரலன்னா பழைய எடம்தான்" என்றார். அதில் மனம் மாறிய கனிவு ஒன்றும் இல்லை. ஆடிட்டர் ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் ஏறுகிற வரைக்கும் சத்தம் வரக்கூடாது என்ற கணக்குத்தான். தனகோடி அதையும் புரிந்துகொண்டுதான் தலையசைத்தாள்.

எல்லோரும் வெளியே வந்த பிறகு ஹமீத் ஷஹீனை மட்டும் நிறுத்தினார். "நம்ம பொண்ணுன்னு நெனச்சுச் சொன்னேன்" என்றார்.

"தெரியும் சார்."

"பேக்கிங்ல இப்போ எடம் இல்ல."

"அதுவும் தெரியும் சார்" என்றாள் ஷஹீன்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. கெமிக்கல் வாசனையும் பஜ்ஜி எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது. மாதனூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் தனகோடி நின்றுகொண்டிருந்தாள். ஷஹீன் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்கிறவரை காத்திருந்தாள்.

"அன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல சொன்னியே" என்று தனகோடி கேட்டாள். "நெசமா?"

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லத்தான் ஷஹீனின் கை முதலில் எழுந்தது. பாதியில் அதைக் கலைத்தாள்.

"நெசந்தான். அலுத்துப்போயிருந்தேன். இப்பவும் அலுப்புதான்."

தனகோடி சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக் கையைக் காலியாக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"எனக்கும்தான். எது தெரியணும்னாலும் உன் மூஞ்சியப் பாக்கணும். உனக்குத் தலைவலின்னா எனக்கு அன்னிக்கு சேதியே கெடையாது. நீ சிரிச்சு முடிச்சப்புறம் நான் சிரிக்கணும். உனக்குப் புடிக்காதவங்கள எனக்கும் புடிக்காது, ஏன்னே தெரியாது. மூக்குத்தி கெட்டவன்னு நெனச்சிருந்தேன். இல்ல. நல்லவ. உன்னப் பாத்துப் பாத்து எனக்கும் அலுத்துப்போச்சு."

ஷஹீனுக்கு இப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றியதே இல்லை. சுமக்கிறவளுக்குத்தான் வலி, மேலே உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன என்று நினைத்திருந்தாள். கோபம் வருமா என்று தன்னையே பார்த்துக்கொண்டாள். வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். பஸ்ஸின் தகரத்தில் சாய்ந்துகொண்டு, "கோவிந்தம்மாள நான் எப்படி கெட்டவன்னு சொன்னேன்?" என்று கேட்டாள்.

"சொல்லல. அவ பேசினா நீ மூஞ்சியச் சுளிப்ப."

"அது அவ வெத்தல போட்டுக்கினு பேசுவா, எச்சி தெறிக்கும். அதுக்கு."

தனகோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்புக்கு எப்போதும் சத்தம் ஜாஸ்தி. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷஹீனும் சிரித்தாள். மன்னித்துக்கொள் என்று இவள் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை.

"திங்கக்கிழமலேர்ந்து ரெண்டாவது ஹால்" என்றாள் தனகோடி. "காலைல மைக்ல சொல்றத அந்தப் பொட்டி பாதிதான் எழுதும். சாப்பாட்டு நேரத்துக்கு இங்க வர்றேன். மீதிய நீ சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அல்லா! நான் சோறு தின்ன வேணாமாடி?"

தனகோடி யோசித்தாள். டிரைவர் ஏறிவிட்டிருந்தார்; படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

"தின்னு" என்றது அவள் கை. "தின்னு முடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கேன்."